தனியார் மருத்துவக் கல்லூரியிலிருந்து முதல் ஐசிஎம்ஆர் விண்ணப்பம்: எங்கே தொடங்குவது?

வடசென்னை_மைக்ரோ

வணக்கம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீர்த் தொற்றில் ஈஎஸ்பிஎல் (பல ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் நொதி) வகைக் கிருமிகள் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் செய்யத் திட்டம்.

எந்த அரசு நிதிக்குப் போடுவது? விண்ணப்ப அழைப்பு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் போதுமா? முதல் தடவை போடுகிறவர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் எதில் அடிபடுகிறது?

கோப்பு_முதலில்

வணக்கம் டாக்டர். உங்கள் தலைப்புக்கு நேரான இடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர்தான். ஆய்வாளரே தலைப்பைத் தேர்ந்தெடுத்துப் போடும் வெளித்திட்ட (எக்ஸ்ட்ராமூரல்) நிதியில் 'ஸ்மால் கிராண்ட்' 2 கோடி ரூபாய் வரை, 'இன்டர்மீடியட்' 2 முதல் 8 கோடி வரை. உங்களுடையது ஸ்மால். விண்ணப்பம் முழுக்க ஐசிஎம்ஆரின் இ-பிஎம்எஸ் இணையதளம் வழியாகத்தான்.

மற்றவற்றில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். உயிரித்தொழில்நுட்பத் தொழில்களை ஊக்குவிக்கும் அரசு நிறுவனமான பைராக்கின் 'பிக்' நிதி 50 லட்சம், 18 மாதம் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொருளாக மாறக்கூடிய யோசனைக்கு. நோய் வீத ஆய்வை அங்கே எடுக்க மாட்டார்கள். அறிவியல் ஆராய்ச்சிக்கு நிதி தந்த செர்ப் வாரியம் இப்போது தனியாக இல்லை, 2023 சட்டப்படி ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. அங்கே அடிப்படை அறிவியல் கேள்விக்குத்தான் எடை. உயிரித்தொழில்நுட்பத் துறை (டிபிடி) தலைப்பை அறிவித்து அழைக்கும்போது மட்டும் அதன் இ-ப்ரோமிஸ் தளத்தைப் பாருங்கள்.

அழைப்பு வந்த பிறகு எழுதினால் போதாது. அது திறந்திருப்பது சில வாரங்கள்தான், அதற்குள் அறிவியல் பகுதியை எழுதிவிடலாம், காகிதங்களைச் சேர்க்க முடியாது. தனியார் நிறுவனம் என்றால் முதலில் கேட்கப்படுவது மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை (டிஎஸ்ஐஆர்) கொடுக்கும் 'சிரோ', அதாவது ஆராய்ச்சி நிறுவனம் என்ற அங்கீகாரம். அது இல்லாவிட்டாலும் காலாவதியாகியிருந்தாலும் உங்கள் கருதுகோளை யாரும் படிக்கப் போவதில்லை. இன்றைக்கே டீன் அலுவலகத்தில் சான்றிதழை வாங்கி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். கல்லூரியை நடத்துவது அறக்கட்டளை என்றால் என்ஜிஓ தர்பன் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவுத் தளம்) எண்ணும் வேண்டும்.

அடுத்து நெறிமுறைக் குழு. மருந்துச் சோதனைகளுக்காக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவில் பதிவு செய்திருக்கிறோம், அதுவே போதும் என்று பல கல்லூரிகள் நினைக்கின்றன. 2019 புதிய மருந்து விதிகளின்படி உங்களுடையது போன்ற உயிர்மருத்துவ ஆய்வைப் பார்க்கும் குழு, சுகாதார ஆராய்ச்சித் துறையின் நைதிக் தளத்தில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். குழுவின் செயலாளரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

சிரோ அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது. ஸ்டான்லி மாதிரி பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பிஐ (முதன்மை ஆய்வாளர்), நீங்கள் கோ-பிஐ (இணை ஆய்வாளர்). பணம் அவர்கள் கணக்குக்குப் போகும், வேலையை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். யார் எதைச் செய்வது, தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் பெயர் வரிசை என்ன என்பதை விண்ணப்பம் போடும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

புள்ளியியல்_தெரியும்

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா காகிதம் எல்லாம் இருந்தும் திரும்பி வர்றது மாதிரிகளோட (சாம்பிள்) எண்ணிக்கையிலதான். அதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஈஎஸ்பிஎல் வீதம் 20 சதவீதம்னு எதிர்பார்க்கறீங்க, 5 சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம்னு வெச்சுக்கலாம். 1.96-ஐ (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கமாக்கி, 0.2, 0.8 ரெண்டாலயும் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால வகுத்தா 245.9, அதாவது 246. இந்த இடத்துல நிறுத்திட்டு "246 நோயாளிகள்"னு எழுதறாங்க. அது தப்பு. உங்க சதவீதத்தைக் கணக்கிடறது கிருமி வளர்ந்த கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எண்ணிக்கையிலேருந்துதான், நோயாளி எண்ணிக்கையிலேருந்து இல்ல. நாலு மாதிரியில ஒண்ணுலதான் கணக்குல எடுக்கிற அளவு வளரும்னா 984 மாதிரி வேணும். அதுல பத்து சதவீதம் வீணாப் போகும்னா 984-ஐ 0.9-ஆல வகுக்கணும்: 1,094. பலரும் 984-ஓட பத்து சதவீதத்தைக் கூட்டி 1,083னு போடுவாங்க. பத்து சதவீதத்தை இழந்த பிறகும் 984 மிஞ்சணும்னா வகுக்கறதுதான் சரி.

நாலு மையத்துலேருந்து எடுக்கறதால, ஒரே மையத்து ஆளுங்க ஒரே மாதிரி இருக்க வாய்ப்பு உண்டு. அதுக்கு டிசைன் எஃபெக்ட் (மாதிரி எண்ணிக்கையை அதுக்கேத்தபடி கூட்டற பெருக்கல் எண்) போடறீங்களா, இல்லைன்னா ஏன்னு ஒரு வரி எழுதிடுங்க.

இப்ப காலக்கணக்கு. 24 மாசத்துல ஆள் எடுக்க மூணு, கடைசியில பகுப்பாய்வுக்கு மூணு போனா மாதிரி எடுக்க 18 மாசம். மாசம் 61 மாதிரி. நாலு மையத்துக்கு அது தாராளமா முடியும். இந்தக் கணக்கை விண்ணப்பத்துலயே காட்டினா, செய்து முடிக்கக்கூடிய வேலைன்னு படிக்கறவருக்குத் தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, ஐசிஎம்ஆர் 2013-லேருந்து மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலைப்பின்னல் நடத்துது. "அது இருக்கும்போது இது எதுக்கு?"ங்கிற கேள்வி கட்டாயம் வரும். அந்தத் தரவு பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளோடது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்ற சர்க்கரை நோயாளி அதுல அதிகம் தெரிய மாட்டார். உங்க முன்னுரையோட முதல் பத்தியே இதுவா இருக்கணும். சர்க்கரை நோய் உலகத்துல எவ்வளவு பரவியிருக்குன்னு ரெண்டு பக்கம் வேண்டாம், படிக்கறவருக்கு அது தெரியும்.

ஆய்வக முறைய பெயர் சொல்லி எழுதுங்க: எந்த வருஷத்து சிஎல்எஸ்ஐ (ஆய்வகத் தர அமைப்பு) அட்டவணை, செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம் ரெண்டும் தனியா, கிளாவுலனேட்டோட சேர்த்து, ஏதாவது ஒண்ணுல டிஸ்கைச் சுத்தி கிருமி வளராத வட்டம் 5 மி.மீ. அல்லது அதுக்கு மேல கூடினா பாசிட்டிவ். தரக்கட்டுப்பாட்டுக்கு ஏடிசிசி 25922, 700603ங்கிற நிலையான கிருமி வகைகள். முக்கியமா, தண்டையார்பேட்டையில எடுத்த சிறுநீர் உங்க ஆய்வகத்துக்கு எப்படி வந்து சேரும்? சாதாரண வெப்பத்துல 2 மணி நேரத்துக்கு மேல வெச்சா கிருமி பெருகி எண்ணிக்கையே பொய்யாயிடும். சித்திரை வெயில்ல பைக் டப்பாவுல வர்றதுன்னா இன்னும் மோசம். ஐஸ் பெட்டியா, போரிக் அமிலம் போட்ட குப்பியா, எதுன்னு முடிவு பண்ணி பட்ஜெட்லயும் போடுங்க.

ஆயப்பாக்கத்துல இருக்கிற தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் என்பிடெல் இணையப் பாடத் தளத்துல நடத்துற ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் பார்க்கலைன்னா பார்த்துடுங்க. இந்தக் கணக்குகளெல்லாம் அங்க பொறுமையா சொல்லித் தர்றாங்க.

வடசென்னை_மைக்ரோ

மிக்க நன்றி. 246 நோயாளிகள் என்றுதான் நானும் எழுதி வைத்திருந்தேன். பட்ஜெட்டில் ஒரு ஆராய்ச்சியாளர், ஒரு டெக்னீஷியன், ஒரு மைனஸ் 80 ஃப்ரீசர் போட்டிருக்கிறேன். கல்லூரியில் இருந்த பழைய விண்ணப்பத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா?

திட்டக்_கணக்கு

மேடம், பழைய விண்ணப்பத்திலிருந்து எழுத்தை எடுக்கலாம், எண்ணை எடுக்காதீர்கள்.

ஊழியர் சம்பளத்தை ஐசிஎம்ஆர் பதவிப் பெயரிலேயே போட வேண்டும். மருத்துவர் அல்லாத புராஜெக்ட் ரிசர்ச் சயின்டிஸ்ட்-1 மாதம் 56,000, புராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்-3 மாதம் 28,000. இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. வாடகைப்படிக் கணக்கில் சென்னை எக்ஸ் வகை (பெருநகரம்), 30 சதவீதம். ஆக 72,800, 36,400. இரண்டு வருடத்துக்கு இருவருக்கும் சேர்த்து 26,20,800. வாடகைப்படியை விட்டுவிட்டு எழுதினால் இரண்டு வருடத்தில் சுமார் 6 லட்சம் குறைகிறது. பிறகு கூட்டித் தரச் சொல்ல முடியாது. ஊழியருக்கு வாடகைப்படி இல்லாமல் ஆணை போனால் நல்ல ஆள் நிற்கவும் மாட்டார். அழைப்போடு வரும் இணைப்பில் அப்போதைய விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி விலையில்தான் பழைய மாதிரி காலை வாரிவிடும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய கொட்டேஷனைப் பார்த்து எழுதினால், 18 சதவீதம் கட்டும் கருவியில் 13 சதவீதம் துண்டு விழும். புதுக் கொட்டேஷன் வாங்குங்கள், வரி, நிறுவும் செலவு, ஸ்டெபிலைசர், யுபிஎஸ் எல்லாம் அதற்குள் வரட்டும். ஆனால் அதற்கு முன், ஃப்ரீசர் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். கல்லூரியில் ஏற்கெனவே ஒன்று இருந்து அதில் இரண்டு தட்டு காலி என்றால், துறைத்தலைவரின் கடிதத்தை வைத்துவிட்டு அந்தப் பணத்தை கல்ச்சர் செலவுக்கு மாற்றுங்கள். 1,094 மாதிரிக்கு ஊடகம், டிஸ்க், குப்பி எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிக் காட்டுங்கள். 'இதர செலவுகள் 5 லட்சம்' என்று ஒரே வரியில் போட்டால் அந்த வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

கோப்பு_முதலில்

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. மாநகராட்சி நிலையங்களில் மாதிரி எடுக்க, ரிப்பன் மாளிகையில் பொதுச் சுகாதாரத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். மருத்துவ அலுவலர் வாய்வார்த்தையாகச் சரி என்றது போதாது. மனுவோடு ஆய்வுச் சுருக்கம் ஒரு பக்கம், ஒப்புதல் படிவத்தின் தமிழ்ப் பிரதி, "நிலைய ஊழியர்களுக்குக் கூடுதல் வேலை இல்லை, கல்ச்சர் முடிவு நோயாளிக்கும் மருத்துவ அலுவலருக்கும் இத்தனை நாளில் தரப்படும்" என்ற உறுதி, இவற்றை வையுங்கள். கடைசி வரி ரொம்ப முக்கியம். நெறிமுறைக் குழுவும் அதையே கேட்கும்.

திட்டக்_கணக்கு

பணம் வந்த பிறகு நடப்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நிதி வருடாவருடம் வரும். அடுத்த தவணைக்கு மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (ஜிஎஃப்ஆர்) உள்ள 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று, செலவு அறிக்கை, முன்னேற்ற அறிக்கை மூன்றும் போக வேண்டும். திட்டம் நவம்பரில் தொடங்கினாலும் கணக்கு மார்ச் 31-இல் முடிக்கப்படும், ஆகவே முதல் சான்று ஐந்தே மாதத்தில் வந்து நிற்கும். ஆள் எடுக்கவே மூன்று மாதம் போனால் சம்பளத் தலைப்பில் பணம் அப்படியே கிடக்கும். அதைத் தூக்கி கெமிக்கல் வாங்கிவிடக் கூடாது, தலைப்பு மாற்ற முன் அனுமதி வேண்டும். வட்டி வந்திருந்தால் அதையும் அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆள் எடுக்கும் விளம்பரத்தையும் தேர்வுக் குழுப் பட்டியலையும் அனுமதி ஆணை வருவதற்கு முன்பே தயாராக டைப் செய்து வைத்துவிடுங்கள். ஆணை வந்த வாரமே வெளியிடலாம்.

வடசென்னை_மைக்ரோ

டீன் அலுவலகத்தில் பார்த்தேன். சிரோ சான்றிதழ் அடுத்த மார்ச் வரை செல்லும். நெறிமுறைக் குழுவுக்கு சிடிஎஸ்சிஓ பதிவு மட்டும்தான் இருக்கிறது, நைதிக் பதிவு இல்லை. செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஃப்ரீசரை எடுத்துவிட்டேன்.

கோப்பு_முதலில்

சிரோ மார்ச்சில் முடிகிறது என்றால் புதுப்பிப்பு விண்ணப்பம் போட்ட ரசீதையும் கோப்பில் சேர்த்துவையுங்கள். பரிசீலனை மார்ச்சைத் தாண்டினால் அதைக் கேட்பார்கள்.