காகித வெட்டுச் சீட்டுக்கட்டாம்! நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

திருப்பூர் கத்திரி:
போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒருவர் தன் புதுச் சீட்டுக்கட்டின் படங்களைப் போட்டு, "52 சீட்டும் கையால் காகிதம் வெட்டிச் செய்த கலை. அச்சுக் குப்பையோடு சேர்க்காதீர்கள்" என்று எழுதியிருந்தார். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பனியன் கம்பெனியில் 22 வருடம் கட்டிங் மாஸ்டராக இருப்பவன் நான். அந்த இஸ்பேட் ராணியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் பாதியில் கிரீடத்தின் நிழல் வலப்பக்கம் கீழே விழுகிறது. கீழ்ப் பாதியில் அதே கிரீடத்தின் நிழல் இடப்பக்கம் மேலே ஏறுகிறது. பொள்ளாச்சியில் இரண்டு சூரியனா?

பொள்ளாச்சி இளநீர்:
ஊரைச் சொல்லிவிட்டுப் பெயரை மறைப்பது என்ன நாகரிகம் அண்ணா? நான்தான் எழுதினேன். சீட்டில் ராணிக்கு இரண்டு தலை. எப்படிப் பிடித்தாலும் நிமிர்ந்து தெரிய வேண்டும். ஓவியர் ஒரு பாதியை வெட்டிப் படம் எடுத்து, அதையே திருப்பிப் பொருத்தியிருப்பார். நிழலும் கூடவே திரும்பும். இதற்கு ஒரு விசாரணைக் கமிஷனா? கிரீடத்தில் ஒவ்வொரு முத்துக்கும் ஓர் ஓட்டை, அந்த ஓட்டைக்குள் அடுத்த அடுக்குத் தாளின் நிறம். அதைப் பார்க்கக் கண் இல்லை, நிழலைப் பார்க்க மட்டும் கண் இருக்கிறது.

திருப்பூர் கத்திரி:
ஆக, வெட்டியது பாதிதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். "52 சீட்டும்" என்று எழுதியது யார்? அந்த மீதிப் பாதியின் நிழல் எங்கிருந்து வந்தது?

உக்கடம் ஜோக்கர்:
நிஜமாகவே 52 சீட்டையும் வெட்டியிருந்தால் ஒரு கை ரம்மி ஆட முடியுமா? கலைக்கும்போதே ராணியின் விரல் ராஜாவின் மீசையில் மாட்டிக்கொள்ளும். ஆர்ட்டின் ராஜாவுக்கு வழக்கமாக மீசை கிடையாது, அவர் ஒருவர் தப்பிப்பார். நல்ல கட்டில் இரண்டு தாளுக்கு நடுவே வெளிச்சம் புகாத பசை தடவி ஒட்டுவதே எதிரில் இருப்பவன் கண்ணுக்கு எதுவும் தெரியக் கூடாது என்பதற்காக. அதில் ஜன்னல் வைத்துத் தருகிறார்களாம்! சீட்டில் இருப்பது அச்சு என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. நிஜமாக வெட்டியது வேண்டுமென்றால் பெட்டியைப் பாருங்கள்.

பொள்ளாச்சி இளநீர்:
பெட்டி! அதைத்தான் சொல்ல வந்தேன். வெளிப்பெட்டி முழுக்கக் கொடியும் மயிலுமாகச் சல்லடை போல வெட்டியிருக்கிறது. உள்ளே தங்கத்தாள். விளக்குக்கு நேரே சாய்த்தால் மயில் தோகை மட்டும் மின்னும். சுங்கவரியோடு 4,500 ரூபாய் சும்மா கொடுப்பேனா?

திருப்பூர் கத்திரி:
கொடுப்பீர்கள், அதுதானே கவலை. அந்தப் பெட்டியைத் திறந்து வெட்டின் உள்விளிம்பைப் பாருங்கள். நூல் கனத்தில் பழுப்பு ஓடியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாசம் வரும். அது லேசர். பருத்தித் துணியில் லேசர் ஓட்டினால் விளிம்பு இப்படித்தான் பழுக்கும். பாலியெஸ்டர் என்றால் உருகி மணியாக உறையும். பிளேடு அறுத்த காகிதம் விளிம்பில் வெள்ளையாக இருக்கும். ஆகக் கையால் வெட்டியது பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. இப்போது நிழலுக்கு வாருங்கள்.

இளம்பிள்ளை தறி:
அட்டையில் ஓட்டை போட்டுக் கலை செய்வதைக் கொங்கு மண்ணுக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து அனுப்பித்தர வேண்டாம். ஜக்கார்டு தறியில் அட்டை ஏறினால்தான் சேலையில் பூ இறங்கும். பிரான்சில் 1804இல் பிறந்த தறி அது. என் அப்பா அட்டை குத்தியவர். ஓர் ஓட்டை தவறினால் முந்தானை நெடுக அன்னத்தின் கழுத்து ஒடிந்து நிற்கும். பழைய அட்டைகளை எடைக்குப் போட்டோம். அதைச் சேகரிக்க ஒருவர் வரவில்லை. மயில் பெட்டிக்கு 4,500.

பவானிக்காரன்:
தறியைப் பற்றிச் சொன்னது சரி. இளம்பிள்ளை எப்போது கொங்கு நாடானது? அது சேலம்.

இளம்பிள்ளை தறி:
நாமக்கல் பிரிவதற்கு முன்னால் திருச்செங்கோடே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அர்த்தநாரீஸ்வரர் மலையைக் கொங்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பத்திரமாக ஊர் திரும்புங்கள், பார்க்கலாம்.

பவானிக்காரன்:
நான் திருச்செங்கோட்டைச் சொன்னேனா? இளம்பிள்ளையைச் சொன்னேன். ஜக்கார்டு இல்லாமல் குழித்தறியில் உட்கார்ந்து ஜமக்காளம் நெய்த ஊரிலிருந்து பேசுகிறேன். கை வேலை எது, எந்திரம் எது என்று எங்களுக்குத் தெரியும்.

கோபி வாய்க்கால்:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. காகித வெட்டு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசலாமே? மதுராவில் சாஞ்சி என்று உண்டு. கத்தரிக்கோலால் காகிதத்தில் கண்ணனையும் பசுவையும் நுணுக்கமாக வெட்டி, தரையில் வைத்து, மேலே வண்ணப்பொடி தூவுகிறார்கள். காகிதத்தை எடுத்துவிட்டால் கோலம் நிற்கும். அங்கே காகிதம் உருவத்தைத் தரையில் பதிக்கும் வெறும் கருவி. சீனாவிலோ வெட்டிய சிவப்புத் தாளையே ஜன்னலில் ஒட்டுகிறார்கள். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அந்தக் கலை. வெட்டிய தாள் கலையா, அது விட்டுச்செல்லும் உருவம் கலையா? உருவம்தான் என்றால் அச்சடித்த சீட்டுக்கும் அதில் இடம் உண்டு.

திருப்பூர் கத்திரி:
அம்மணி, நன்றாக எழுதுகிறீர்கள். சாஞ்சியில் பொடி தூவினால் நிழல் விழுமா? விழாது. இவர் ராணிக்கு விழுகிறது. அதுவும் இரண்டு பக்கம்.

கோபி வாய்க்கால்:
நான் கேட்டது அது இல்லையே, அண்ணா.

உக்கடம் ஜோக்கர்:
விடுங்கள் அம்மணி. நாளைக்கு வீட்டில் சாம்பாருக்கு உப்புக் குறைந்தாலும் அவர் நிழலைத்தான் கேட்பார்.

பொள்ளாச்சி இளநீர்:
நிழல் நிழல் என்று கூவுகிறவரின் பழைய கணக்கையும் சபை தெரிந்துகொள்ளட்டும். 2019இல் நான் பிரிக்காமல் வைத்திருந்த கட்டு, முதுகில் குழந்தைத் தேவதை சைக்கிள் ஓட்டுமே, அதை "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது செலோபேன் இல்லை. ஒட்டுமுத்திரை கிழிந்திருந்தது. உள்ளே ஒரு ஜோக்கரைக் காணோம்.

உக்கடம் ஜோக்கர்:
நான் இல்லை.

திருப்பூர் கத்திரி:
செலோபேனைப் பிரிக்காமல் சீட்டை எப்படிப் பார்ப்பதாம்? சீட்டுக்கட்டு ஆடுவதற்கு, அலமாரியில் பூஜை செய்வதற்கு அல்ல. ஜோக்கரைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதம் கழித்துச் சொன்னீர்கள். பேச்சை மாற்றாதீர்கள். ராணியின் இடக்கைப் பூவைப் பாருங்கள், அதற்கும் நிழல் மேலே ஏறுகிறது.

பொள்ளாச்சி இளநீர்:
ஏறட்டும். வெட்டிய ஓவியர் அவர், காசு கொடுத்தவன் நான். இரண்டிலும் சேராத உங்களுக்கு ஏன் எரிகிறது? கட்டிங் மாஸ்டர் என்றால் துணி வெட்டுகிறவர். காகிதம் பற்றிக் கருத்துச் சொல்ல யார் அழைத்தார்கள்?

திருப்பூர் கத்திரி:
பேட்டர்ன் எதில் வெட்டுகிறோம் என்று நினைக்கிறீர்கள்? அட்டையில்தான். ஒரு நூலிழை விலகினால் ஆயிரம் பனியனில் கழுத்துக் கோணும். என் கையில் கத்தி இருக்கிறது, உங்கள் கையில் ரசீதுதான் இருக்கிறது. போகட்டும். ஒவ்வோர் ஆஸிலும் நடுவில் ஒரே உருவம், அதற்கு நிழல் ஒரே பக்கம். அதற்கு மேலே போனால் இரண்டு பக்கம். ஆஸை மட்டும்தான் ஒழுங்காக வெட்டினாரா உங்கள் ஓவியர்?

இளம்பிள்ளை தறி:
அது ஓரளவு நியாயமான கேள்விதான்.

பவானிக்காரன்:
சேலத்துக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இளம்பிள்ளை தறி:
மறுபடியுமா?

திருப்பூர் கத்திரி:
உங்கள் எல்லைத் தகராறுக்குத் தனி இழை தொடங்குங்கள். நாளை இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து டைமண்ட் ஜாக்கியின் படத்தில் கோடு போட்டுக் காட்டுகிறேன். அவன் தொப்பி இறகிலும் இதே கதைதான்.

பொள்ளாச்சி இளநீர்:
வரும்போது என் ஜோக்கரையும் எடுத்து வாருங்கள்.