மாரி விடுமுறையில் பிள்ளைகளுடன் ஜியோகேஷிங்: திருகோணமலையில் எப்படிச் செய்யலாம்?

கடற்கரை_சித்தி:

வணக்கம். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர் ரொறன்ரோவில் இருந்து வந்து மூன்று கிழமை எங்களோடு நிற்கிறார்கள். மூத்தவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு எட்டு. வந்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பார்த்தாயிற்று. கடல் கொந்தளிப்பதால் புறாத்தீவுக்குப் போக முடியவில்லை.

அங்கே பனிக்காலத்தில் ஹை பார்க்கில் தகப்பனோடு ஜியோகேஷிங் போவார்களாம். யாரோ ஒளித்து வைத்த பெட்டியை அகலக்கோடு, நெடுங்கோடு பார்த்துத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவது. “சித்தி, உங்கட ஊரில பார்க் இல்லையா?” என்று சின்னவன் கேட்டான். இருக்கிறது. தினமும் அதன் வேலியோரமாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

சரி, நானே ஒளித்து வைப்போம் என்று ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கொப்பி, பேனை, நாலு ரொபி போட்டு வாகை மரத்தின் வேரடியில் வைத்தேன். அடுத்த நாள் காலை பிள்ளைகளோடு போனால் டின் காவலாளியின் குடிலில் இருக்கிறது. கூட்டும்போது கண்டிருக்கிறார். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளத் தடி ஒன்றால் மூடியைத் தட்டித் திறந்தாராம். “தங்கச்சி, இந்த ஊரில இப்படி ஒரு டின்னை ஒளிச்சு வைக்கலாமோ? நாங்க எவ்வளவு பாத்தனாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டின்னை என்னிடம் நீட்டியபோது கை நடுங்கியது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இன்னொன்று, நான் எழுதிக் கொடுத்த ஆள்கூறை மூத்தவள் போனில் போட்டுப் பார்த்தபோது கிண்ணியாவையும் தாண்டி எங்கோ காட்டியது. கொப்பியும் ஒரே இரவில் நனைந்து மை ஊறிவிட்டது. யாரையும் பயப்படுத்தாமல், இந்த மழைக்குள் இதைச் செய்ய வழி உண்டா? பிள்ளைகள் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஸ்காபரோ_மாமா:

தங்கச்சி, முதலில் ஆள்கூறு. ஜியோகேஷிங்கில் பாகையும் தசம நிமிடமும்தான் வழக்கம் (இது நேரத்தின் நிமிடம் அல்ல, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு). 8 பாகை 34.700 நிமிடம் என்பதை 8.34700 பாகை என்று போட்டால் 25 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போய்விடும். உங்களுக்கு நடந்தது இதுதான். நிமிடத்தை 60ஆல் பிரித்துப் பாகையோடு கூட்டுங்கள்: 8.57833.

நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் 1.8 மீற்றர் அளவு மாறும். ரொறன்ரோவில் நெடுங்கோட்டின் ஒரு நிமிடம் 1.3 கிலோமீற்றர்தான், திருகோணமலையில் 1.8 கிலோமீற்றர். பூமத்திய ரேகைக்குக் கிட்ட வர நெடுங்கோடுகள் விலகிக்கொண்டு போவதால் அப்படி. மூத்தவளிடம் ஒரு தோடம்பழத்தை உரித்துக் காட்டுங்கள், சுளையின் நடுவும் நுனியும் பார்த்தாலே விளங்கும்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. அடுத்த ஓரிரு நாளில் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து ஆள்கூறை இணையத்தில் போட்டார். விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. இன்றைய போன்கள் திறந்த வெளியில் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும், ஈர இலைக்குக் கீழே அம்பு அலையும். கடைசிப் பத்து மீற்றருக்குப் போனைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் தேடச் சொல்லுங்கள்.

பேனை வேண்டாம், பென்சில். இங்கே குளிரில் மை உறைந்துவிடும், அங்கே ஈரத்தில் ஊறிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அப்புறம், பனியில் எங்களுக்கு முன்னால் போனவரின் காலடித் தடமே பெட்டியைக் காட்டிக் கொடுத்துவிடும். மாரியில் சேறும் அப்படித்தான், ஒளிக்கப் போகும்போது சுற்றிப் போங்கள்.

உப்புவெளி_ரீச்சர்:

சித்தி, காவலாளி அப்படித் தடியால் தட்டித் திறந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் தலைமுறையில் யார் கண்டிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஜியோகேஷிங் விதியிலேயே இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும் என்றுதான் இருக்கிறது. நான் மாணவர்களைக் கூட்டிப்போகும்போது காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். தகரம் கூடாது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி, நாலு பக்கமும் கிளிப் போடுகிற வகை வாங்குங்கள். மூடியில் தமிழிலும் சிங்களத்திலும் ‘பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி’ என்று எழுதி உங்கள் போன் இலக்கத்தையும் போடுங்கள். கோட்டைக்குள் பெட்டி வைக்கவே வேண்டாம், அது இராணுவம் இருக்கிற இடம்.

ரொபி போடாதீர்கள், எறும்பு வரும். அதைவிட மான் வரும். பொலித்தீன் பையால் பெட்டியைச் சுற்றவும் வேண்டாம், ஊருக்குள் திரிகிற மான்கள் அதையும் தின்றுவிடும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கொப்பியோடு வைத்தால் ஈரத்தை இழுக்கும். பெட்டி சரியாக மூடியிருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும், மாரியோடுதான் டெங்கும் கூடுகிறது.

வேர்ப் பொந்து வேண்டவே வேண்டாம். மழைக்குப் பாம்பு ஏறியிருக்கும், சின்னவன் கையை விட்டுவிடுவான். பிள்ளையின் கண்மட்டத்தில் மரக்கவடு பாருங்கள்.

கன்னியாவுக்கு இன்னொரு முறை போனால் பெட்டியே தேவையில்லை. ஏழு கிணற்றுத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்து, எது கூடச் சூடு என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். இப்படிப் பெட்டி இல்லாமல், நிலத்தைப் பார்த்துப் பதில் எழுதுகிற வகைக்கு எர்த்கேஷ் என்று பெயர்.

கடற்கரை_சித்தி:

இருவருக்கும் நன்றி. நேற்றுச் செய்தோம்.

முந்தின நாள் காவலாளி ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, புதுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “அங்க வையாதேங்கோ, வெள்ளம் நிக்கும்” என்று சொல்லி அவரே ஒரு பூவரச மரத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே அகலமான கவடு. மழைக்கு எந்தப் பக்கம் காயும், எந்தப் பக்கம் ஊறும் என்று மரம் மரமாக அவருக்குத் தெரியும்.

நாலு மணிக்கு மழை விட்டது. போன் ஆறு மீற்றர் என்றது, பிறகு பதினொன்று, பிறகு நாலு. மூத்தவள் மாமா சொன்னபடி அதைப் பைக்குள் போட்டாள். மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இரண்டு சுற்று வந்தார்கள். சின்னவன் பூவரசுக்கு முன்னால் நின்றுவிட்டான். அவன் கண்டது பெட்டியை அல்ல, அதன் மூடியில் ஏறியிருந்த பெரிய நத்தையை. அது கொம்பை நீட்டி, இழுத்து, திரும்ப நீட்டி, நான் எழுதிய ‘விளையாட்டு’ என்ற சொல்லின் மேலால் ஊர்ந்துகொண்டிருந்தது. அது தானாக இறங்கும் வரை பெட்டியைத் தொடக் கூடாது என்று இருவரும் பிடிவாதம். இருபது நிமிடம் நின்றோம்.

கொப்பி காய்ந்தே இருந்தது. பிள்ளைகள் எழுதிய பிறகு ஐயாவும் பென்சிலை வாங்கிப் பெயர் எழுதி, கீழே ‘பின்நேரம் 4.40, மழை இல்லை’ என்று குறித்தார்.

இரண்டாவது பெட்டிக்கு அவர் இடம் பார்த்து வைத்திருக்கிறாராம். இந்த முறை அவரே ஒளிப்பாராம், எனக்கும் காட்டமாட்டாராம். ஆள்கூறு எடுப்பது எப்படி என்று அவருடைய போனில் நான் இன்றைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.