ஆப்பிரிக்கத் தொட்டியில் எந்த மீனுக்கு எது துணை?

கோவைத்தொட்டி கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டில் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஒன்று இருக்கிறது. மணலும் கட்டையும் போக ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆப்பிரிக்க மீன்களை மட்டுமே அதில் வளர்க்க வேண்டும் என்பது என் ஆசை. எட்டு காங்கோ டெட்ராக்களும் ஒரு ஜோடி கிரிபென்சிஸும் மூன்று மாதங்களாக நன்றாகவே இருந்தன. சென்ற வாரம் கடையில் ‘ஆப்பிரிக்கன் சிக்லிட்’ என்று கலந்து போட்டிருந்தவற்றிலிருந்து மஞ்சள் மீன் இரண்டும் நீலத்தில் கருங்கோடு போட்டவை மூன்றும் வாங்கி விட்டேன். நான்காம் நாளே ஆண் டெட்ராக்களின் வால் நடுவில் நீண்டிருக்கும் இழைகள் கிழிந்துவிட்டன. கிரிபென்சிஸ் ஜோடி பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு தீனிக்குக்கூட வெளியே வருவதில்லை. எல்லாம் ஆப்பிரிக்க மீன்கள்தானே, ஏன் ஒத்துப்போகவில்லை? இதுவரை சிறுவாணித் தண்ணீரைத்தான் ஊற்றி வருகிறேன். வீட்டில் போர்வெல் உப்புத் தண்ணீரும் உண்டு. எவற்றை வைத்துக்கொண்டு எவற்றைச் சேர்ப்பது?

பாறையிடுக்கு எழுதியது:

மஞ்சள் மீன்கள் அநேகமாக எல்லோ லேப். நீல மீன்கள் ஜீப்ரா வகையாக இருக்கலாம். இரண்டுமே மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் ‘ம்புனா’ கூட்டத்தைச் சேர்ந்தவை. அப்பகுதியின் தொங்கா மொழியில் அச்சொல்லுக்குப் பாறைமீன் என்றே பொருள். அந்த ஏரியின் நீர் காரத்தன்மை உடையது, பி.எச். 7.7 முதல் 8.6 வரை இருக்கும். உங்கள் டெட்ராக்களின் ஊரான காங்கோ படுகையிலோ, காட்டு இலைகளும் மரங்களும் ஊறித் தேநீர் நிறம் ஏறிய, உப்புகள் மிகக் குறைந்த, சற்றே அமிலத்தன்மை கொண்ட ஓடைகளே மிகுதி. கடைக்காரர் ஒரே பலகையில் எழுதிவைத்தாலும், இவை ஒரு கண்டத்தின் பெயரைத் தவிர வேறெதையும் பகிர்ந்துகொள்ளாத மீன்கள்.

தண்ணீரை எப்படியாவது நடுத்தரமாக்கிச் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், குணமும் தீனியும் இடிக்கும். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் ஜீப்ராவுக்கு ஒரு பாறையிடுக்கு என்பது வீடும் வயலும் சேர்ந்த சொத்து. அதன் அருகே எது வந்தாலும் விரட்டும். இழை தொங்க மெதுவாக நீந்தும் காங்கோ ஆணுக்கு அந்தத் தொட்டியில் தப்பிக்க இடமில்லை. டெட்ராவுக்கு ஏற்ற பூச்சிப் புழுக்களையும் உறைந்த இரத்தப் புழுவையும் பாசி தின்னும் ம்புனாக்களுக்குத் தொடர்ந்து கொடுத்தால், வயிறு வீங்கி இறக்கும் அபாயம் அதிகம். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. அது காங்கோ பக்கம் சாயும் தண்ணீர். ஆகவே ஐந்து சிக்லிட்டுகளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

ஓடைக்கரை எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘காங்கோ பக்கம்’ என்பதையும் ஒரே தண்ணீராக நினைத்துவிடக் கூடாது. கிரிபென்சிஸ் காங்கோ மீனே அல்ல, நைஜீரியா, கேமரூன் பகுதிகளின் கடலோர ஆறுகளுக்கு உரியது. சற்றுக் கடினமான நீரையும் தாங்கிக்கொள்ளும். அமில நீரில் முட்டையிட்டால் குஞ்சுகளில் ஆண்கள் மிகுந்துவிடும் என்பது இம்மீனின் விந்தை.

உங்கள் தொட்டிக்கு நான் முதலில் சேர்ப்பது தலைகீழாக நீந்தும் சினோடான்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ் கேட்பிஷ்களைத்தான். பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது என்பதால் நான்கைந்தை ஒன்றாக விடலாம். பகலில் கட்டைக்கு அடியில் வயிறு மேலாக ஒட்டிக்கிடக்கும், இரவில்தான் நடமாட்டம். கிரிபென்சிஸ் முட்டையிட்டால் அந்த நடமாட்டமே தொல்லையாகும், ஆதலால் கிரிபென்சிஸின் குகையை (பாதி உடைந்த தேங்காய்ச் சிரட்டையே போதும்) ஒரு கோடியிலும் கேட்பிஷுக்கான கட்டைகளை மறுகோடியிலும் வையுங்கள். குஞ்சுகளோடு இருக்கும் ஜோடி தொட்டியின் மூன்றில் ஒரு பங்கைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். நான்கடி நீளம் இருப்பதால் மற்றவற்றுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்.

ஒரேயொரு பெரிய மீன் வேண்டுமென்றால் டெனோபோமா வகையில் சிறுத்தைப் புள்ளி போட்டதைப் பாருங்கள். நம் குளங்களில் உள்ள பனையேறிக் கெண்டையின் குடும்பம்தான் அது. அதைப் போலவே மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். வாயில் அடங்கும் மீனை விழுங்கிவிடும் என்பதால் டெட்ராக்கள் முழு வளர்ச்சி அடைந்த பிறகே விட வேண்டும். கிரிபென்சிஸ் குஞ்சுகளை அது மிச்சம் வைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பட்டர்ஃப்ளை மீன் அழகுதான். ஆனால் அது அசைவற்ற நீர்ப்பரப்பைத் தேடும், சிறு இடைவெளி கிடைத்தாலும் தாவி வெளியே விழும். மூடி கச்சிதமாக இல்லாத தொட்டியில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பாறையிடுக்கு எழுதியது:

மலாவி மீன்கள் மீது ஆசை தீரவில்லை என்றால், இரண்டாவது தொட்டி ஒன்றை உங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் வையுங்கள். ஆனால் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவு) கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கரைந்திருப்பது சுண்ணாம்பா சோடியம் உப்பா என்று அது சொல்லாது. ஜி.எச். (நீரின் மொத்தக் கடினத்தன்மை), கே.எச். (பி.எச்.ஐ நிலையாகத் தாங்கும் கார்பனேட் அளவு) இரண்டையும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கொண்டு பாருங்கள். எல்லோ லேப், சவுலோசி போன்ற ஓரளவு சாந்தமான இனங்களில் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற கணக்கில் விடுங்கள். குஞ்சாக இருக்கும்போது மஞ்சளில் கருங்கோடு ஓடிக் கண்ணைப் பறிக்கும் ஔராட்டஸ் மட்டும் வேண்டாம். வளர்ந்த ஆண் ஒன்றே ஒரு தொட்டியைக் காலி செய்துவிடும்.

கோவைத்தொட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஐந்து சிக்லிட்டுகளையும் நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். கிரிபென்சிஸ் இன்று காலை வெளியே வந்து தின்றன. சிறுவாணித் தண்ணீரைச் சோதித்ததில் கே.எச். ஒன்றுதான் காட்டுகிறது. இது போதுமா? வாதாம் இலை போடலாமா?

ஓடைக்கரை எழுதியது:

மீன்களுக்குப் போதும், பில்டருக்குத்தான் போதாது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கே.எச்.ஐச் செலவழித்துக்கொண்டே போகும். அது தீர்ந்ததும் பி.எச். சரசரவென்று இறங்கும். நீங்கள் ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினால் அது மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீன்களைக் கொல்லும். பத்து வாளி சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு வாளி உப்புத் தண்ணீர் கலந்து கே.எச். மூன்றுக்கு வருகிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு மட்டும், குளோரின் நீக்கிய பிறகு மாற்றுங்கள். காய்ந்து தானாக விழுந்த வாதாம் இலை மூன்று நான்கு போடலாம், பச்சை இலை வேண்டாம். கிழிந்த இழைகள், பூஞ்சை பிடிக்காவிட்டால், சில வாரங்களில் வளர்ந்துவிடும். அதுவரை கேட்பிஷ் வாங்கப் போகாதீர்கள்.