ரசிகர் மாநாட்டில் நேர மாற்றங்களை அனைவருக்கும் குழப்பமின்றித் தெரிவிப்பது எப்படி?

கேள்வி (புதிய ஒருங்கிணைப்பாளர்):

வணக்கம். அறிவியல் புனைவு, காமிக்ஸ் ரசிகர்களுக்காக நானும் நண்பர்களும் நடத்திய இரண்டு நாள் மாநாடு அண்மையில் முடிந்தது. நிகழ்ச்சிகளை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் எது எங்கே, எப்போது என்று தெரியாமல் அலைந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமான குறைதான். காலை 11 மணிக்கு அறிவித்திருந்த ஓவியரின் கையொப்ப நிகழ்வை, அவருடைய பயணம் தாமதமானதால் பிற்பகல் 2.30 மணிக்கு மாற்றினோம். தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டோம், இணையதளத்திலும் திருத்தினோம். அரங்க வாசலில் ஒட்டிய தாளில் மட்டும் 11 மணி என்றே இருந்தது. பதிவு மேசையில் இருந்தவர்களுக்கோ கைப்பேசியைப் பார்க்கவே நேரமில்லை. அட்டைக் கவசம் அணிந்து காஸ்ப்ளே (கதாபாத்திர வேடம்) செய்து வந்த ஒரு சிறுமி, கவசம் மடங்கிவிடும் என்பதால் உட்காரவும் முடியாமல், வரிசையின் கடைசியில் ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தாள். நாங்கள் வரிசையின் முன்னால் நின்று சொன்ன செய்தி அவளிடம் போய்ச் சேரவே இல்லை. அடுத்த முறை 3 அரங்குகள், 40 தன்னார்வலர்கள். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (அரங்க நிர்வாகி):

நீங்கள் செய்தியைச் சொல்லாமல் இல்லை. மூன்று இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே நிகழ்ச்சி நிரல், அதைத் திருத்தும் உரிமை ஒரே ஒருவருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். தலைவரே ஆனாலும் விருந்தினரே ஆனாலும் அவரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். ஒட்டும் தாள் ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் "சனி காலை 9.40 நிலவரம்" என்பதுபோல் அச்சிட்ட நேரத்தை எழுதுங்கள், இரண்டு தாள்கள் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது என்பதை வருகிறவரே தீர்மானித்துக்கொள்வார். பழைய தாள்கள் எங்கெங்கே ஒட்டப்பட்டன என்ற பட்டியலும் நிரலைத் திருத்துபவரிடம் இருக்க வேண்டும். கடைசிப் பழைய தாளைக் கிழித்தெடுத்தேன் என்று ஒருவர் வந்து சொல்லும்வரை அந்த மாற்றம் முடிந்ததாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சொல்லியாகிவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. கூட்டம் நிரம்பிய மண்டபத்தில் இணைய இணைப்பே பல நேரங்களில் கிடைக்காது. 1970-களில் கலிபோர்னியக் காட்டுத்தீயை எதிர்கொண்ட அனுபவத்திலிருந்து உருவான பேரிடர் நிர்வாக முறையில், ஒருவரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர்தான் இருக்கலாம், ஐந்து பேர் என்பது பொருத்தமான அளவு என்று ஒரு விதி உண்டு. அதன்படி உங்கள் 40 பேருக்கு 8 குழுத் தலைவர்கள் வேண்டும். அந்த எண்மரையும் நீங்கள் ஒருவரே பார்க்க முடியாது, நடுவில் இரண்டு துணை ஒருங்கிணைப்பாளர்கள் தேவை. வாக்கி டாக்கி இந்தப் பத்துப் பேரிடமும் உங்களிடமும் இருந்தால் போதும். செய்தியைக் கேட்டவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். வெறும் "சரி" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பதில் 2 (வரிசைப் பொறுப்பு பார்த்தவர்):

ரசிகர்கள் தாங்களே வெளியிடும் காமிக்ஸை விற்கும் சந்தையாகத் தோக்கியோவில் நடக்கும் காமிக்கெட் 1975 டிசம்பரில் 32 வெளியீட்டுக் குழுக்களோடும் ஏறத்தாழ 700 பேரோடும் தொடங்கியது. இன்று லட்சக்கணக்கானோர் கூடும் அங்கே ஓர் எளிய பழக்கம் இருக்கிறது: வரிசையின் கடைசியில் நிற்பவர் "இதுவே கடைசி" என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அடுத்து வருகிறவர் அதை வாங்கிக்கொள்வார். இதை நீங்களும் செய்யலாம். ஒரு தன்னார்வலர் எப்போதும் அந்தப் பலகையின் அருகிலேயே இருக்கட்டும். நேர மாற்றத்தை அவர் கடைசியிலிருந்து முன்னோக்கி நடந்துகொண்டே, பத்துப் பத்துப் பேராக நிறுத்திச் சொல்ல வேண்டும்.

கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். பெயரைக் கேட்டு எழுதி, கையெழுத்திட்டு, ஒரு படமும் எடுத்துக்கொள்ள ஒருவருக்கு 90 நொடி என்றால் ஒரு மணி நேரத்தில் 40 பேர்தான். இரண்டு மணி நேர நிகழ்வுக்கு 80 பேர். தாமதத்துக்கு இடம் விட்டு 70 டோக்கன்கள் மட்டும் கொடுங்கள். எழுபத்தோராவது ஆளிடம் "இன்று இயலாது" என்று முதல் நிமிடத்திலேயே சொல்வது கடினம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அதையே கேட்க நேர்ந்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், இன்றும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் சான் டியாகோ காமிக்-கான் என்ற ரசிகர் மாநாட்டில் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைக் காலி செய்வதில்லை. அதனால் மாலை நிகழ்ச்சிக்காகக் காலையிலேயே வந்து அமர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் காலி செய்வதானாலும் செய்யாததானாலும், அந்த விதியை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிடுங்கள்.

பதில் 3 (பார்வையாளர்):

எனக்கு ஒரு காது கேட்காது. எதிரொலிக்கும் மண்டபத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு எனக்கு வெறும் இரைச்சல்தான், காது நன்றாகக் கேட்பவர்களும் பாதியைத்தான் பிடிக்கிறார்கள். சொல்வதையெல்லாம் எழுதியும் வையுங்கள், அதுவும் ஒரே இடத்தில், ஒரே பலகையில். ரத்தான நிகழ்ச்சியைச் சிவப்பிலும் நடப்பதைப் பச்சையிலும் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய இயலாதவர்கள் பலர் உண்டு. "ரத்து" என்ற சொல்லையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டோக்கன் கணக்கை இன்றே குழுவில் பேசுகிறேன். ஒரே ஒரு ஐயம்: விருந்தினர் எப்போது வருவார் என்பது எங்களுக்கே தெரியாத நிலையில் என்ன எழுதுவது? அன்று அதனால்தான் ஒரு மணி நேரம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

பதில் 1 (அரங்க நிர்வாகி):

தெரிந்ததை எழுதுங்கள், அடுத்து எப்போது சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். "ஓவியர் இன்னும் வந்து சேரவில்லை. கையொப்ப நிகழ்வு 11 மணிக்குத் தொடங்காது. அடுத்த தகவல் 11.30 மணிக்கு இதே பலகையில். டோக்கன் வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், உங்கள் எண் மாறாது." 11.30 மணிக்கும் புதிதாக எதுவும் தெரியவில்லை என்றால் அதையே எழுதி, அடுத்த நேரத்தைக் குறிப்பிடுங்கள். அந்தச் சிறுமிக்கு இந்த நான்கு வரிகள் கிடைத்திருந்தால், கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.