ஓர் ஆலிவ் காயில் தொடங்கிய கூட்டணி: ‘தி பர்சுவேடர்ஸ்’ தொடரை மீண்டும் பார்த்தபோது

1971-72இல் பிரிட்டனின் ஐடிவியில் ஒளிபரப்பான ‘தி பர்சுவேடர்ஸ்’ தொடரை அண்மையில் முதலிலிருந்து மறுபடியும் பார்த்து முடித்தேன். மொத்தமே 24 அத்தியாயங்கள்தாம். வயதாகிவிட்ட தொடர் என்பதில் ஐயமில்லை. கார் ஓட்டும் காட்சிகளில் பின்னால் ஓடும் சாலை திரையில் காட்டப்படும் படம் என்பது பளிச்சென்று தெரிகிறது. சண்டைக் காட்சிகளில் நாயகனுக்குப் பதிலாகக் குதிப்பவரின் முகம்கூடச் சில இடங்களில் தெரிந்துவிடுகிறது. அத்தியாயத்துக்கு ஓர் அழகி வந்து, அடுத்ததில் அவரைப் பற்றிய பேச்சே இல்லாமல் போவது இன்று உண்மையிலேயே உறுத்துகிறது.

ஆனாலும் ஓர் அத்தியாயத்தைக்கூடப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. அதற்குக் காரணம் குற்றக் கதைகள் அல்ல. அவற்றில் பல, பாதி வழியிலேயே ஊகித்துவிடக்கூடியவை. நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் வளர்ந்து பெரும் பணக்காரனான டேனி வைல்டாக டோனி கர்ட்டிஸும், பரம்பரைப் பிரபுவான பிரெட் சின்க்ளேராக ரோஜர் மூரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும்போது பிறக்கும் உரசல்தான் தொடரின் உயிர்.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் தென்கடற்கரை மலைச்சாலையில் டேனியின் சிவப்பு ஃபெராரி டினோவும் பிரெட்டின் மஞ்சள் ஆஸ்டன் மார்ட்டினும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. பிறகு விடுதியில் சந்திக்கும் இருவரும், ஒரு மதுக்கலவையில் போட வேண்டியது ஓர் ஆலிவா, இரண்டா என்று வாதிடத் தொடங்கி, கைகலப்பில் இறங்கி, அந்த இடத்தையே துவம்சம் செய்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஃபுல்டன் அவர்கள்முன் இரண்டு வழிகளை வைக்கிறார்: 90 நாள் சிறை, அல்லது சட்டத்தின் பிடியிலிருந்து நழுவிய குற்றவாளிகளைப் பிடிக்க அவருக்கு உதவுவது. இவ்வளவு அற்பமான சச்சரவிலிருந்து ஒரு தொடரின் அடித்தளத்தையே எழுப்பிய துணிச்சல் எனக்கு இப்போதும் வியப்பளிக்கிறது.

முகப்புக் காட்சியையும் சொல்லியாக வேண்டும். திரை பிளவுபட்டு, இருவரின் வாழ்க்கையும் பழைய படங்களாக அருகருகே விரிந்து, ஒருவர் வறுமையிலிருந்தும் மற்றவர் மாளிகையிலிருந்தும் வந்து ஒரே உல்லாச உலகில் சேர்வதை, ஒரு சொல் வசனமும் இல்லாமல் ஜான் பாரியின் இசை மட்டுமே சொல்லிவிடுகிறது. இத்தொடரின் மிகச் சிறந்த எழுத்து வசனமில்லாத இந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பிரெட்டின் அகலக் கழுத்துப்பட்டைகளையும் சட்டைகளையும் வடிவமைத்தவர் ரோஜர் மூரே என்று கலைஞர்களின் பெயர்ப் பட்டியலிலேயே குறிப்பிடுகிறார்கள். அந்த உடைகள் அந்தக் காலத்தோடு சேர்ந்தே பழசாகிவிட்டன. அவற்றை அணிந்துகொண்டு புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தும் அவரது நிதானமோ சற்றும் பழசாகவில்லை.

அமெரிக்காவில் ஏபிசியில் இதற்கு வரவேற்பு கிட்டவில்லை. மேற்கு ஜெர்மனியிலோ, ரைனர் பிராண்ட் மூலத்தில் இல்லாத கேலிப் பேச்சைக் கலந்து எழுதிய மொழிமாற்று வசனத்தால் இது பெரும் வெற்றி பெற்றது. ரோஜர் மூர் 1973இல் ஜேம்ஸ் பாண்டாகத் திரைக்கு வந்துவிட்டார். இரண்டாவது பருவம் எடுக்கப்படவே இல்லை.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் முதல் அத்தியாயத்துக்கு அடுத்தபடியாக, சின்க்ளேர் குடும்பத்தினர் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் ‘எ டெத் இன் தி ஃபேமிலி’யைப் பாருங்கள். மூர் தம் உறவினர் சிலராகவும் தாமே வேடமிட்டு நடித்திருக்கிறார். அதிலும் அந்த மூதாட்டி வேடத்தைத் தவறவிடாதீர்கள்.