ஒரே தையலை ஆறு வருடம் போட்டவர் டெய்லரா?

நொய்யல்கரை:
திருப்பூரில் பதினான்கு வருடமாக ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். எங்கள் லைனில் ஓர் அக்கா, ஆறு வருடமாக, ஓரத்தை வெட்டிச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஷோல்டர் மட்டும்தான் போட்டார். முன் துண்டையும் பின் துண்டையும் சேர்த்துப் பிடித்து, தோள் இழுபடாமல் இருக்க ஒரு டேப்பை நடுவில் விட்டு ஒரே ஓட்டு, அடுத்த பீஸ். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போடுவார், ஒரு பீஸ் டேமேஜ் ஆகாது. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரோடு போனவர், பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். முதல் ஜாக்கெட்டிலேயே கழுத்தை எப்படி வெட்டுவது என்று தெரியவில்லை. போனில் என்னிடம் சொன்னார்: "தம்பி, ஆறு வருசமா டெய்லர்னு சொல்லிட்டு இருந்தேன், எனக்குத் தைக்கத் தெரியாதுனு இப்பத்தான் தெரியுது."

வேலையை இவ்வளவு பொடியாக நறுக்குவது தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

லைன்பேலன்ஸ்:
அந்த அக்காவுக்கு நேர்ந்தது கஷ்டம்தான், ஆனால் அதை வைத்து நீங்கள் வந்த முடிவை ஏற்க முடியாது. நான் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மெண்ட், ஸ்டாப்வாட்ச்சோடு லைனில் நிற்கிறவன். ஒரு சாதா டி-சர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஷோல்டர், கழுத்து ரிப், கை சேர்ப்பது, சைடு எல்லாம் ஓவர்லாக். கை மடிப்பும் அடி மடிப்பும் பேட்லாக், அதாவது மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மெஷின். லேபிள் வைக்க சிங்கர், சாதாரணத் தையல் மெஷின். ஒரே ஆள் முழு பீஸையும் தைக்க வேண்டுமென்றால் அவருக்கு மூன்று மெஷின் வேண்டும், எந்த நேரத்திலும் அதில் இரண்டு சும்மா நிற்கும். அவர் எழுந்து மாறி உட்காரும் நேரம் தனி. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் தன் நூலில் குண்டூசிப் பட்டறையைப் பற்றி எழுதிய கணக்கு இங்கே அப்படியே பொருந்தும்: பத்து பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்தார்கள், தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு இருபதுகூடத் தேறியிருக்காது.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வந்த பெண்ணை மூன்று நான்கு வாரத்தில் மெஷினில் உட்கார வைக்க முடிகிறது என்றால் அது வேலையை நறுக்கியதால்தான். முழுத் துணி தைக்கத் தெரிந்தவரைத்தான் எடுப்போம் என்றிருந்தால் அந்த அக்கா கேட்டுக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். பழைய டெய்லர் கடைகளில் காஜா எடுத்து, பட்டன் கட்டி, இரண்டு மூன்று வருடம் மாஸ்டருக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் கத்தரிக்கோலைத் தொட முடியும். அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் பையன்கள். ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்ததா?

சாம்பிள்ரூம் அக்கா:
திறக்கவில்லை தம்பி, அது உண்மை. நானும் கைமடியாகத்தான் வந்தேன். ஆனால் கதவு ஒரு அடிதான் திறந்தது, அதற்கு மேல் யாரும் திறந்து விடவில்லை.

இப்போது நான் சாம்பிள் டெய்லர். ஆர்டர் தரும் பையர் அனுப்புகிற படத்தைப் பார்த்து முழு பீஸும் நானே தைப்பேன். இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பேட்லாக் அண்ணன் எழுந்து போனதும் வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு அவர் மெஷினில் உட்காருவேன். நூல் அறுந்தால் திட்டு விழும். ஒன்றரை வருடம் அப்படி. ஏன் மற்ற பெண்கள் அதைச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். பீஸ் ரேட் தம்பி. ஷோல்டரில் கை ஓடுகிறவர் பேட்லாக்கில் புதிதாக உட்கார்ந்தால் அந்த வாரம் பாதி பீஸ்தான் வரும், சனிக்கிழமை கையில் வாங்குவதும் பாதிதான். வீட்டு வாடகை, சீட்டுப் பணம், பிள்ளை ஃபீஸ் எல்லாம் வைத்துக்கொண்டு யார் அதற்குத் துணிவார்கள்? கம்பெனி ஒன்றும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, ஆனால் கற்றுக்கொள்கிற நாளின் கூலியை அவள் தலையில்தான் வைக்கிறது.

ஊர்வாத்தியார்:
லைன்பேலன்ஸ், ஸ்மித்தை முழுதாகச் சொல்லுங்கள். குண்டூசியைச் சொன்ன அதே மனிதர்தான், அதே நூலின் பின்பகுதியில், வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு எளிய வேலையையே செய்கிறவனுக்கு மூளையைச் செலுத்த வாய்ப்பே இல்லாமல் மழுங்கிப்போகும், அரசு தலையிட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்றும் எழுதினார். முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

1832இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் இன்னொரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். வேலையைப் பிரித்தால் வேகம் மட்டுமல்ல, சம்பளமும் மிச்சம். ஒரே ஆள் எல்லாம் செய்தால், அதில் மிகக் கடினமான வேலைக்கு என்ன திறமை வேண்டுமோ அந்தத் திறமைக்கான கூலியை முழு நேரத்துக்கும் கொடுத்தாக வேண்டும். பிரித்துவிட்டால் கஷ்டமான துண்டுக்கு மட்டும் அந்தக் கூலி, மிச்சத்துக்குக் குறைந்த கூலி. உங்கள் ஃப்ளோரில் கட்டிங் மாஸ்டருக்கும் பிசிறு வெட்டுகிற பெண்ணுக்கும் உள்ள சம்பள வித்தியாசம் அந்தக் கணக்குத்தான். மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதன் மறுபக்கம், மூன்று வாரத்தில் அவருக்குப் பதில் வேறு ஆளை உட்கார வைக்கலாம் என்பது. அந்த அக்கா ஆறு வருடமும் கூலியை உயர்த்திக் கேட்க முடியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

லைன்பேலன்ஸ்:
சார், பாபேஜ் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மாற்று என்ன? ஸ்வீடனில் வால்வோ கார் கம்பெனி உதேவாலா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை கட்டி, ஓடுகிற லைனே இல்லாமல் சின்னக் குழுக்கள் முழுக் காரையும் நின்ற இடத்திலேயே பூட்டும்படி செய்தது. 1993இல் மூடிவிட்டார்கள். மறுபக்கம் அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனியைப் பாருங்கள். 1913இல் ஓடும் லைன் வந்தபின் ஒரு சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. காரின் விலையும் இறங்கியது. பையர் எங்களிடம் ஒரு டி-சர்ட்டுக்குப் பைசா பைசாவாகப் பேரம் பேசுகிறான், பக்கத்தில் வங்கதேசம் இருக்கிறது. முழு பீஸ் தைக்க விட்டால் ஆர்டர் போய்விடும், அப்போது துண்டு வேலையும் இருக்காது.

ஊர்வாத்தியார்:
ஃபோர்டு கதையிலும் பாதிதான் சொல்கிறீர்கள். அந்த 1913ஆம் வருடம் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவன் நிற்கவில்லை. அந்த வேலையை மனிதர்கள் தாங்கவில்லை. 1914 ஜனவரியில் தினக்கூலியை ஐந்து டாலராக, கிட்டத்தட்ட இரட்டிப்பாக, உயர்த்தி, வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தபின்தான் ஆட்கள் நின்றார்கள். வேலையை நறுக்கியதில் வந்த லாபத்தில் ஒரு பங்கை அங்கே கொடுக்க வேண்டிவந்தது. உதேவாலா மூடியபோது கார் விற்பனை சரிந்து கம்பெனியே நஷ்டத்தில் இருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாயக்காரர் மகன்:
நீங்கள் எல்லாரும் ஒரு கூரைக்குள் நடப்பதையே பேசுகிறீர்கள். திருப்பூரின் பலமே ஊர் முழுக்க வேலை பிரிந்திருப்பதுதான். நூல் ஒருவர், நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காஜா பட்டன் எல்லாம் கூலிக்குச் செய்து கொடுக்கும் தனித்தனி ஜாப் ஒர்க். இரண்டு மெஷினோடு ஒருவர் தொழில் தொடங்க முடிந்தது இதனால்தான். மெஷினில் உட்கார்ந்திருந்தவர் முதலாளி ஆனது இந்த ஊரில் நிறைய. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் இப்படிப் பிரித்ததில் யார் கணக்கிலும் வராத ஒன்று இருந்தது, தண்ணீர். ஏற்றுமதிக்காரர் "சாயம் என் வேலை இல்லை" என்றார். எங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஜாப் ஒர்க் ரேட், அதில் கழிவுநீரைச் சுத்தம் செய்யக் காசு இல்லை. நொய்யல் ஆற்றில் விட்டோம். ஆம், நாங்கள்தான் விட்டோம். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, ஆற்றுப் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. மூடியது சாயப்பட்டறை மட்டும்தான், ஆனால் நிட்டிங்கில் துணி ரோல் ரோலாகத் தேங்கியது, தையல் நடக்கும் பவர் டேபிளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், துணியை லாரியில் ஏற்றி வெளிமாநிலத்தில் சாயம் போட்டுக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வருடம் தீபாவளியே இல்லை. வேலையைப் பிரிக்கிறபோது அதன் விளைவுக்கு யார் பொறுப்பு என்பதையும் அன்றே பேசியிருக்க வேண்டும்.

கருவேலங்காடு:
ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. அம்பேத்கர் 1936இல் சொன்னது: சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்பவர்களையே பிரிப்பது. ஒருவன் விரும்பியோ தகுதியாலோ தேர்ந்துகொள்ளாமல், பிறப்பால் ஒரு வேலையில் அடைக்கப்படுவதைப் பற்றி அவர் பேசினார். அதனால் லைன்பேலன்ஸ் சொன்ன கதவு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். என் தாத்தா செய்த வேலையை என் அப்பா செய்யாமல் தப்பித்தது ஒரு பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில்தான். அங்கே அவர் எந்தத் தெரு என்று பீஸ் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஃப்ளோரைச் சுற்றிப் பாருங்கள். கட்டிங் டேபிளில் ஆண்கள், பிசிறு வெட்டுவதும் கைமடியும் பெண்கள். நீங்கள் பார்த்த கம்பெனிகளில் எத்தனை பெண் கட்டிங் மாஸ்டர்? அது வேலைப் பிரிவினையா, ஆட்களைப் பிரிப்பதா?

லைன்பேலன்ஸ்:
பெண் கட்டிங் மாஸ்டரை நான் பார்த்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

சாம்பிள்ரூம் அக்கா சொன்ன பீஸ் ரேட் விஷயத்தை நேற்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலையை நறுக்குவதை நான் விடமாட்டேன், அது இல்லாமல் ஷிப்மெண்ட் போகாது. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வராத இரண்டு வாரம் இருக்கிறதே, அப்போது பேட்லாக்கில் ஆள் இல்லாமல் பின்னால் பண்டல் மலையாகக் குவியும், மற்ற டெய்லர் எல்லாம் சும்மா இருப்பார்கள். அன்றைக்கு நான் தேடுவது இரண்டு மெஷின் தெரிந்தவரைத்தான். அப்படியானால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேறு மெஷினில் உட்கார வைத்து, அந்த நேரத்துக்கு அவருடைய வழக்கமான சராசரிக் கூலியையே கொடுத்தால் கம்பெனிக்கு நஷ்டம் வராது என்றுதான் என் கணக்கு காட்டுகிறது. லைனுக்கு ஆள் கொண்டுவரும் காண்ட்ராக்டர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு. அவர் பீஸுக்குத்தான் காசு வாங்குகிறார்.

நொய்யல்கரை:
காண்ட்ராக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். கம்பெனிதான் அந்த ஒரு மணி நேரத்தை ஏற்க வேண்டும். உங்கள் கணக்கை எனக்கு அனுப்புங்கள், எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

சாம்பிள்ரூம் அக்கா:
தம்பி நொய்யல்கரை, ஷோல்டர் போட்ட அந்தப் பொண்ணிடம் இதைச் சொல்லுங்கள். அவளுக்குச் சரியாகப் பிடிக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்து, தையலை மட்டும் பிளேடால் நிதானமாகப் பிரிக்கட்டும். முன்பக்கம், முதுகு, கை, பட்டி எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு நியூஸ்பேப்பரில் வைத்து வரையட்டும். தையலுக்கு அரை இஞ்ச் விடச் சொல்லுங்கள். முதலில் பழைய வேட்டியில் வெட்டிப் பார்க்கட்டும், நல்ல துணியில் வேண்டாம். தோள் சேர்க்கிற இடம் வந்ததும் அவள் கை தானாக ஓடும். கை ஏற்றுவதில் சிக்கினால் எனக்கு வீடியோ காலில் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.