பேஸ் கிற்றாரின்ர பிரெட்டைப் பிடுங்கினது சரியா, பிழையா?

அலஸ்தோட்டம் நாலுகம்பி

திருகோணமலையில பேஸ் கிற்றார் வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம். மாசி மாசம் என்ர பழைய ஜாஸ் பேஸ் (பென்டர் கம்பனி மாதிரி ஒண்டு) வகைக் கிற்றாரின்ர 20 பிரெட்டையும், அதாவது விரல் பலகையில சுரத்துக்குச் சுரம் குறுக்கால பதிச்சிருக்கிற உலோகத் துண்டுகளை, நானே கழட்டினன். அதுக்குப் பிறகு ஏழு மாசமா பிரெட்லெஸ், பிரெட் இல்லாத பேஸ், மட்டும்தான் கையில.

செய்த விதத்தைச் சொல்லுறன். சோல்டரிங் அயனை ஒவ்வொரு பிரெட்டிலயும் வைச்சுச் சூடாக்கி, வாய் தட்டையான குறட்டால ஒரு ஓரத்திலயிருந்து மெல்ல மெல்ல நெம்பினன். ரோஸ்வுட் பலகை. ஏழாவது பிரெட்டில மட்டும் அரிசி அளவு சிராய் ஒண்டு கிளம்பினது, அதை அந்த இடத்திலயே திருப்பி ஒட்டினன். வெளிச்ச நிறப் பலகைச் சீவலை வெட்டுகளுக்குள்ள இறக்கி, மட்டமாத் தேய்ச்சன். கோடு தெரியுது, பிரெட் இல்லை.

முதல் இரவு ஏ கம்பியில மூண்டாவது கோட்டிலயிருந்து ஐஞ்சாவதுக்கு விரலை வழுக்கினன். வழியில ஒரு படியும் தட்டேல்லை. சத்தம் வாய் திறக்கிற மாதிரி விரிஞ்சு போச்சு. அம்மா அறைக்குள்ளயிருந்து "ஆர் பாடுறது?" எண்டு கேட்டவ.

என்ர முடிவு இதுதான்: கமகம் (சுரத்தை அசைச்சு வளைக்கிறது) உள்ள எங்கட பாட்டுக்கு பிரெட் உள்ள பேஸ் பாதி வாத்தியம். அமெரிக்க பேஸ்காரர் ஜாக்கோ பஸ்டோரியஸ் பிரெட் எடுத்த 1962 ஜாஸ் பேஸில, பலகைக்கு எபொக்சி எண்ட இறுகிற பிசின் பூசி, 1976 இல வந்த தன்ர முதல் இசைத்தட்டிலயே பேஸைப் பாட வைச்சுக் காட்டினவர். நாங்கள் இன்னும் ஏன் வேலிக்குள்ள வாசிக்கிறம்?

மட்டிக்களி மேடை

தம்பி, வேலி எண்டு சொல்லாதையும். 1951 இல லியோ பென்டர் தன்ர முதல் பேஸ் கிற்றாரை விட்டபோது அதுக்கு பிறிசிஷன் எண்டு பேர் வைச்சதே, பிரெட் இருக்கிறதால சுரம் துல்லியமா விழும் எண்டுதான். அதுக்கு முதல் பேஸ் எண்டா ஆளுயர டபுள் பேஸ். அதில சுரத்தைத் தேடித்தான் பிடிக்கவேணும், சத்தமும் பின்னால நிக்கிறவனுக்குக் கேக்காது. தேடத் தேவையில்லாமல் செய்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு. நீர் அதைத் திருப்பிப் பிடுங்கிப்போட்டு முன்னேற்றம் எண்டு சொல்லுறீர்.

நான் கோயில் திருவிழா மேடையிலயும் கலியாண வீட்டிலயும் 22 வருசமா நிக்கிறன். உமக்கு ஒரு இரவைச் சொல்லுறன். கடற்கரைப் பக்கத்து மேடை. ஜெனரேற்றர் மேடைக்குப் பின்னால. எனக்கு மொனிற்றர் (வாசிக்கிறவருக்கே கேக்கிற ஸ்பீக்கர்) இல்லை. ட்ரம்ஸும் கீபோட்டும்தான் காதில விழுது. பைலா தொடங்கினா ஆறு எட்டுத் தாளம் நிக்காமல் ஓடும், கை தாவவேணும். காது கேக்காத இடத்தில விரலுக்கு வழி காட்டுறது அந்தப் பிரெட்தான். அண்டைக்கு என்ர கையில பிரெட்லெஸ் இருந்திருந்தா பாடகருக்குக் கீழ அத்திவாரமே இல்லை.

இன்னொண்டு. நீர் சொல்லுற அந்தப் "பாடுற" சத்தம் வேணுமெண்டா ஜாஸ் பேஸில பாலப் பக்கத்து (கம்பி கட்டியிருக்கிற முனை) பிக்அப்பை, கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தத்தை, தனியா ஏத்தவேணும். ரண்டு பிக்அப்பும் சமமா இருக்கேக்க இரைச்சல் ஒண்டையொண்டு வெட்டும். ஒண்டைக் குறைச்சீரோ, ஜெனரேற்றரும் அலங்கார பல்பும் சேந்து "ம்ம்ம்" எண்டு அம்பிளிபயருக்குள்ள வந்திடும். என்ர பிறிசிஷன் வகைக் கிற்றாரில பிக்அப்பை ரண்டாப் பிரிச்சு வைச்சிருக்கு. 1957 இல வந்த அமைப்பு. எந்த மேடையிலயும் வாய் மூடி இருக்கும்.

வில்லூன்றி வயலின்

இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கமகத்துக்கு மெட்டு, நீங்கள் பிரெட் என்பது, இடைஞ்சல் என்று தம்பி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வீணையில் 24 மெட்டு இருக்கிறது, மெழுகில் பதித்திருக்கிறது. கர்நாடக இசையில் கமகத்துக்கு வீணையை விட எதை உதாரணம் காட்டுவீர்கள்? கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே எல்லாம் வருகிறது. மெட்டைக் கழற்றுவதால் கமகம் வந்துவிடாது. காதில் இருந்தால்தான் கையில் வரும்.

மேடை ஐயாவுக்கும் ஒன்று. விரல் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் வயலினில் நடக்கும் கேடு பேஸில் நடக்காது. வயலின் கம்பியின் நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர், பேஸில் 86. என்னிடம் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை மெட்டில்லாத வாத்தியத்தில் சுருதி சேர்க்கிறது. வளர்ந்தவர்களால் ஏலாது என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்?

அலஸ்தோட்டம் நாலுகம்பி

ரீச்சர், வீணைக் கம்பியை இழுக்கலாம். பேஸ் கம்பி ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட 18, 20 கிலோ இழுவையில நிக்குது. மேல் கம்பியில அரைச் சுரம் இழுக்கவே விரல் நோகும், தடிச்ச ஈ கம்பியில கேக்கவே வேண்டாம். அதோட இழுத்தா சுருதி மேல மட்டும்தான் போகும். பிரெட்லெஸில ஒரே விரலால மேலயும் போகலாம், கீழயும் இறங்கலாம். காது முதல் எண்டு நீங்கள் சொல்லுறதை மறுக்கேல்லை. காதில இருக்கிறதைக் கைக்குக் கொண்டுவாற வழியைத்தான் நான் திறந்தன்.

அண்ணை, இரைச்சல் விஷயம் உண்மை. வீட்டில ரியூப் லைற் போட்டாலே எனக்குத் தெரியும். ஆனா 22 வருசமா மொனிற்றர் இல்லாமல் உங்களை நிப்பாட்டினது மேடை ஒழுங்கு செய்யிற ஆக்களின்ர பிழை. அதுக்காக வாத்தியம் ஏன் குறைவா வாசிக்கவேணும்?

பாலையூற்றுப் பேஸ்

நான் சேர்ச்சில, அதாவது பூசையில பாடகர் குழுவோட வாசிக்கிறன். நாலு வருசம்தான் அனுபவம். ஆனா இதைச் சொல்லாமல் இருக்க ஏலேல்லை. அண்ணா தேடின மென்மையான சத்தம் எனக்குக் கம்பியிலயே கிடைச்சுது. பிளாட்வுண்ட் கம்பி போட்டன். மேற்சுற்று தட்டையா இருக்கிறதால விரல் உரசுற கீச்சுச் சத்தம் இல்லை, சுரம் உருண்டையா விழுது.

ஜேம்ஸ் ஜேமர்சன் அமெரிக்காவில டெற்ரொயிற்றில மோற்றவுன் எண்ட இசைத்தட்டுக் கம்பனியின்ர பாட்டுகளுக்கு வாசிச்சது பிறிசிஷன் பேஸில, பிளாட்வுண்ட் கம்பியில, வலக்கையின்ர ஒரே ஒரு சுட்டுவிரலால. அறுந்தாலொழிய கம்பி மாத்தமாட்டார். அவரின்ர வாசிப்புப் பாடேல்லை எண்டு ஆராவது சொல்ல ஏலுமா? அவர் பிரெட்டைத் தொடேல்லை.

இந்த ஊருக்கு இன்னொரு நன்மையும் இருக்கு. எங்கட உப்புக் காத்தில ரவுண்ட்வுண்ட் (மேற்சுற்று உருண்டையான) கம்பி ரண்டு மாசத்தில சுற்றுக்குள்ள கறுத்து, கையில துரு மணக்கும். கொழும்பிலயிருந்து எடுப்பிக்கிற விலைக்கு அது கட்டாது. என்ர பிளாட்வுண்ட் ரண்டு வருசமா அப்பிடியே கிடக்கு, துடைச்சு வைக்கிறது மட்டும்தான்.

திருக்கடலூர் பைபர்

எனக்கு வாசிக்கத் தெரியாது, மகன்தான் வாசிக்கிறவன். ஆனா எபொக்சி எண்ட சொல்லைக் கண்டதும் எழுதவேண்டிக் கிடக்கு. தம்பி, நீங்க பலகைக்கு என்ன பூசினீங்க? இஞ்ச வள்ளம் ஒட்டுற கடையில "ரெசின்" எண்டு கேட்டா தாறது பொலியெஸ்ரர். துளி ஹார்டனர் விட்டுக் கலக்குறது, மூக்கைப் பிடுங்குற மணம். அது பைபர் பாய்க்குள்ள ஊறி வள்ளத்துக்கு நல்லாப் பிடிக்கும். மரத்தில, அதுவும் எண்ணெய்த் தன்மையுள்ள ரோஸ்வுட்டில, அவ்வளவு பிடிக்காது. காயேக்க சுருங்கும், காத்துப் படுற மேற்புறம் பிசுபிசுப்பாவே நிக்கும்.

நீங்க சொல்லுற கிற்றார்காரர் பூசினது எபொக்சி, அது வேற சாமான். ரெசின், ஹார்டனர் ரண்டு போத்தலையும் போத்தலில போட்டிருக்கிற அளவுக்குச் சரியாக் கலக்கவேணும். கூடக் கலந்து கோப்பைக்குள்ள விட்டா கொதிச்சுப் புகைக்கும். மழை ஈரத்தில பூசினா மேல மெழுகு மாதிரிப் படலம் ஒண்டு வரும், தண்ணியால கழுவித்தான் அடுத்த பூச்சு.

அலஸ்தோட்டம் நாலுகம்பி

அண்ணன், நல்ல காலம் இன்னும் ஒண்டும் பூசேல்லை, எலுமிச்சை எண்ணெய்தான். ரவுண்ட்வுண்ட் போட்டதால பலகையில கம்பி ஓடின தடம் விழத் தொடங்கீற்றுது. ஐஞ்சாவது கோட்டுக்கும் ஏழாவதுக்கும் நடுவில நகத்தால தடவினாத் தெரியுது. பொலியெஸ்ரர்தான் வாங்கப் போனனான். உங்களாலதான் தப்பினன்.

தங்கச்சி, ஜேமர்சனை நானும் வணங்குறன். ஆனா நீர் சொல்லுற பிளாட்வுண்ட் சுரத்தின்ர நிறத்தை மாத்தும், ரண்டு சுரத்துக்கு நடுவில இருக்கிற வழியைத் திறக்காது. எனக்கு வேணுமெண்டது அந்த வழி.

மட்டிக்களி மேடை

வழி, வழி எண்டு கதைச்சது போதும். ரீச்சர் சொன்ன ஒரு மில்லிமீற்றரை நான் ஒத்துக்கொள்ளுறன், ஆனா பேஸில கை தாண்டவேண்டிய தூரமும் பெரிசு. முதல் பிரெட்டிலயிருந்து நாலாவதுக்கு 13 சென்ரிமீற்றர். தம்பி, வேற வாத்தியம் இல்லாமல் மெதுவா ஒரு சுரவரிசையைப் பதிவு செய்து எனக்கு அனுப்பும். ரியூனரில (சுருதி பாக்கிற கருவி) போட்டுப் பாத்து, உள்ளதை உள்ளபடி இஞ்ச எழுதுறன்.

மட்டிக்களி மேடை (மூண்டு நாளுக்குப் பிறகு)

பதிவு கிடைச்சுது. ரண்டு தரம் பாத்தன். ஒரு அரைச் சுரத்தை நூறாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ற். கீழ்ப் பக்கம், ஐஞ்சாவது கோடு வரைக்கும், தம்பி நாலு சென்றுக்கு மேல பிசகேல்லை. அதை நான் எதிர்பாக்கேல்லை, பாராட்டுறன். ஆனா மேல ஏற ஏறத் தாழுது. பன்னிரண்டாவது கோட்டில நாலு கம்பியும் 14 சென்ற் கீழ. தூரத்தில சொன்னா மூண்டரை மில்லிமீற்றர். பாடகர் மேல்ஸ்தாயியில நிக்கேக்க அந்தப் பேஸ் அவரைக் கீழ இழுக்கும். நான் சொன்னது இதைத்தான்.

வில்லூன்றி வயலின்

ஒரு கேள்வி. நான்கு கம்பியும் ஒரே அளவில், ஒரே திசையில் தாழ்ந்தனவா? விரல் பிழை அப்படி ஒழுங்காக வராது. ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். இது வாத்தியத்தின் பிழை போல இருக்கிறது. தம்பி, மெட்டைக் கழற்றிய பிறகு கம்பியை இறக்கினீர்களா?

அலஸ்தோட்டம் நாலுகம்பி

இறக்கினன் ரீச்சர். பிரெட் உயரம் போனதால தலைப் பக்கம் கம்பி தங்குற நட்டின்ர வெட்டையும் ஆழமாக்கி, பாலத்தில கம்பி தங்குற சாடிலையும் பதிச்சன். ஆனா சாடிலை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்திப் பாக்கேல்லை! முந்தி கம்பி உயரத்தில நிண்டது, அமத்தேக்க கொஞ்சம் இழுபட்டுச் சுரம் ஏறும். அந்த ஏத்தத்துக்கு ஏத்த மாதிரிச் சாடில் பின்னுக்கு இருந்தது. இப்ப கம்பி பலகையோட கிடக்கு, இழுபடுறது இல்லை, அதால தாழுது.

நேற்றிரவு பன்னிரண்டாவது கோட்டில மணிச்சுரத்தையும் (கம்பியை அமத்தாமல் லேசாத் தொட்டு எடுக்கிறது) அமத்தின சுரத்தையும் ஒத்துப் பாத்துச் சாடிலை ஒவ்வொண்டா முன்னுக்குக் கொண்டுவந்தன். மேல் மூண்டு கம்பியும் சரி. ஈ கம்பியில சாடில் திருகாணி முடிஞ்சுபோச்சு, இன்னும் 5 சென்ற் கீழதான் நிக்குது.

மட்டிக்களி மேடை

5 சென்ற் எண்டா மேடையில ஆருக்கும் கேக்காது, அதில நான் தொங்கேல்லை. சாடிலைப் பாக்காமல் உம்மட கையைப் பிழை சொன்னது என்ர அவசரம். ஆனா உம்மட வாத்தியத்தை இப்ப கச்சான் காத்து முடியிற நேரத்திலதான் நீர் சரிபாத்திருக்கிறீர். காஞ்ச காத்தில நெக் (கிற்றாரின்ர கழுத்து) நிமிந்து நிக்குது. வாடை வந்து மாரி பிடிச்சா அது முன்னுக்கு வளைஞ்சு கம்பியைத் தூக்கும், உம்மட கணக்கெல்லாம் திருப்பி மாறும். என்ர கிற்றாருக்கும் அதுதான் நடக்கும், நான் அலன் கீயால நெக்குக்குள்ள இருக்கிற ட்ரஸ் ரொட் எண்ட இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பீற்று ஏறுவன், மிச்சத்தைப் பிரெட் பாத்துக்கொள்ளும். நீர் கார்த்திகை மழைக்குள்ள அதே சுரவரிசையைத் திருப்பிப் பதிஞ்சு அனுப்பும். அதையும் பாத்துப்போட்டு என்ர முடிவைச் சொல்லுறன்.

திருக்கடலூர் பைபர்

அப்பிடியெண்டா எபொக்சி இந்தக் கிழமைக்குள்ள பூசியாகவேணும். ஈரம் ஏறின பிறகு நான் கை வைக்கமாட்டன். கம்பியைக் கழட்டி, எலுமிச்சை எண்ணெயை நல்லாத் துடைச்சு, நெக்கைத் தனியா எடுத்துக்கொண்டு வாங்க தம்பி. காலமை வெயில் ஏற முதல் வந்தா வாடியில இருப்பன்.